டிங்கிரிக்காகச் சுவரைப் பார்த்தவர்கள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் போனில் மூன்று வீடியோ பார்த்துவிட்டால் போதும், அந்த விஷயத்தில் என்னை மிஞ்ச இலங்கையிலேயே ஆள் கிடையாது என்று நம்பத் தொடங்கிவிடுவேன். இந்த நம்பிக்கையில் ஒரு தடவை எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றினேன் (அது இன்னும் கழன்றபடிதான் இருக்கிறது). இன்னொரு தடவை என் தங்கையின் கல்யாணத்தையே கழற்றப் பார்த்தேன். இது அந்த இரண்டாவது சாதனையின் கதை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தெஹியோவிட்ட டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. வீடு, அங்கிருந்து த்ரீவீலில் கால் மணி நேரம் ஏறினால் வருகிற ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக இருக்கும் காம்பராக்களில் ஒன்று. அப்பா இல்லை. அம்மா காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவார். தங்கை சுகந்திக்கு அவிசாவளைப் பக்கம் கார்மென்ட் ஒன்றில் வேலை. இந்த மூன்று பேர் வீட்டுக்கு நாலாவதாக வந்தது டிங்கிரி. கடையில் என்னோடு வேலை பார்த்த சிங்கள நண்பன் தன் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கொடுத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம், அவ்வளவுதான் இருந்தது. சிங்களத்தில் 'டிங்கிரி' என்றால் கொஞ்சூண்டு. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

உடம்புதான் கொஞ்சூண்டு. பயம் யானை அளவு. யாராவது வாசல் திண்ணையில், எங்கள் பேச்சில் இஸ்தோப்பில், கால் வைத்தால் போதும், கத்தும், நின்ற இடத்திலேயே ஈரம் பண்ணும், பிறகு அரிசிப் பெட்டிக்கு அடியில் புகுந்து மணிக்கணக்கில் நடுங்கும். கரண்ட் பில் கொண்டுவருபவர், மீன்காரர், தேங்காய்த் துருவி கேட்டு வரும் பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா, எல்லோரும் அதற்கு ஒன்றுதான்.

பயத்தைப் போக்குவதற்கு நான் முதலில் கையாண்ட வழி, வருகிறவர்கள் மடியில் குட்டியைத் தூக்கி வைப்பது. மூன்று சேலைகள் நாசமான பிறகுதான் வீடியோக்களைத் தேடினேன். அதில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னார்: வருகிறவர் குட்டியைப் பார்க்கவே கூடாது, பேசக் கூடாது, கையை நீட்டக் கூடாது. பேசாமல் ஓரமாக உட்கார்ந்து, ஒரு துண்டு பிஸ்கட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு, வேறெங்காவது பார்க்க வேண்டும். குட்டிக்கென்று ஒதுங்க ஓர் இடம் இருக்க வேண்டும். வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

செல்வி அக்காவைப் பிடித்தேன். வேலை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தபடி பத்து நிமிஷம் சுவரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். டிங்கிரிக்கு அடுப்படி மூலையில் ஒரு சாக்கு விரித்தேன். முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் அடுப்படித் திரைக்குக் கீழே ஒரு மூக்கு தெரிந்தது. ஒன்பதாம் நாள் அது வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து வந்து, செல்வி அக்காவின் கால் பெருவிரலை மோந்து பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் பெரஹரா ஊர்வலம் பார்ப்பவர்கள்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் என்ன, நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவன்.

இந்த நேரத்தில்தான் சுகந்தியின் விஷயம் சூடு பிடித்தது. அவளோடு அதே கார்மென்ட்டில் மெஷின் திருத்துகிற நிரோஷனும் அவளும் இரண்டு வருஷமாக விரும்புகிறார்கள். ரம்புக்கனைக் குடும்பம். அவனுடைய அப்பா ரயில் கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் எங்கள் வீட்டில் அவருக்குக் கேட் மாமா என்று பெயர். சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்கிறவர் என்று நிரோஷன் சொல்லியிருந்தான். அவர் சம்மதித்துவிட்டார். அவனுடைய அம்மாதான் மசியவில்லை. சொந்தத்தில் ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தாராம். பல மாதக் கெஞ்சலுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டை மட்டும் பார்ப்பதாக இறங்கி வந்தார். பிடிக்கவில்லை என்றால் அன்றோடு சரி என்பதும் பேச்சு.

எங்கள் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தார். கதிரைகள் இரவல் வாங்கினார். நாயைச் செல்வி அக்கா வீட்டில் கட்டிவிடச் சொன்னார். சரி என்றேன். வாயால்தான் சொன்னேன். நிபுணன் ஒருவன் தன் மாணவனைப் பரீட்சை நாளில் ஒளித்து வைப்பானா? அவர்கள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம், கடையில் வாடிக்கையாளர் ஒருவரின் போனை ஒரு கையால் திறந்தபடி, மறு கையால் நிரோஷனுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். எழுத்து மாறாமல் இதுதான்:

"வீட்டுக்குள் வந்ததும் யாரும் பார்க்க வேண்டாம். பேச வேண்டாம். கையை நீட்ட வேண்டாம். சுவரைப் பார்த்தபடி அமைதியாக உட்காரவும். தானாக வரும்வரை காத்திருக்கவும். மிக முக்கியம். அம்மா அப்பாவிடமும் சொல்லவும்."

ஞாயிறு மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். நிரோஷன், அவனுடைய அப்பா, அம்மா, ஒரு தாய்மாமா. நான் அடுப்படித் திரைக்குப் பின்னால், கையில் பிஸ்கட்டோடு, காலடியில் டிங்கிரியோடு நின்றேன்.

அம்மா வாசலில் நின்று, "வாங்க, வாங்க, பயணமெல்லாம் எப்பிடிங்க?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. வரிசையாக, கேட் மாமா முன்னால், மற்றவர்கள் பின்னால், அம்மாவைக் கடந்து உள்ளே நடந்து, நாலு பேரும் நாலு கதிரையில் உட்கார்ந்து, நாலு சுவரைப் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன ஒழுக்கம், என்ன கட்டுப்பாடு. செல்வி அக்காவுக்கு ஒன்பது நாள் எடுத்ததை இவர்கள் ஒரே மெசேஜில் கற்றுக்கொண்டார்களே என்று பூரித்துப் போனேன்.

அம்மா வெற்றிலைத் தட்டை நீட்டினார். ஒரு கையும் நீளவில்லை. தட்டைப் பிடித்தபடி நாலு கதிரைக்கும் நடந்து, அப்படியே திரும்பி வந்து மேசையில் வைத்தார். அவர் முகத்தை அன்று நான் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் டிங்கிரியின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை தொங்காமல், முதல் தடவையாக நேராக நின்றன.

பிறகு சுகந்தி தேத்தண்ணியோடு வந்தாள். இரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டுக்காக நின்றுகொண்டே போனவன், அவள் முன்னால் வந்து நிற்கும்போது கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். தட்டை மேசையில் வைத்தாள். என்னைக் கடந்து பின்கதவால் வெளியே போனாள். அவள் அழுகிறாள் என்பது அப்போதுதான் என் நிபுணத்துவத்துக்கு உறைத்தது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அதே நொடியில் டிங்கிரி திரைக்குக் கீழே புகுந்து முன்னால் போய்விட்டது.

ஊர்ந்து போகவில்லை. நடந்து போனது. வாலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி, ஈரத் தரையில் போவதுபோல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. வெளியே ரப்பர் இலை விழுகிற சத்தம்கூடக் கேட்கிற அமைதி. தாய்மாமாவின் காலை மோந்தது. நிரோஷனின் காலை மோந்தது. கேட் மாமாவின் கால் முன்னால் ஒரு கணம் நின்று யோசித்தது. அவர் அசையவில்லை. அதற்கு அடுத்த கதிரையில் நிரோஷனின் அம்மா, கண்ணை இறுக மூடி, நெஞ்சுக்கு நேரே கை கூப்பி உட்கார்ந்திருந்தார். டிங்கிரி அவர் முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, அவருடைய வலது பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, மெதுவாக, "வந்துருச்சு" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் அம்மாவுக்கும் விளங்கவில்லை. கேட் மாமா மட்டும் தலையைத் திருப்பாமல், திரைக்குக் கீழே தெரிந்த என் கால்களை ஓரக்கண்ணால் பார்த்து, ரகசியக் குரலில் என்னைக் கேட்டார்.

"தம்பி, இப்ப பேசலாமாங்க?"

"ஏங்க, பேசக் கூடாதுன்னு யாரு சொன்னது?" என்றார் அம்மா.

கேட் மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நிரோஷன் தனக்கு அனுப்பியிருந்த என் மெசேஜைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அதைக் கேட்கக் கேட்கத்தான் எனக்குத் தெரிந்தது, அதில் 'நாய்க்குட்டி' என்கிற சொல்லே இல்லை. அவர்கள் இதை எங்கள் குடும்ப வழக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கோ சாமி வரும், அது வந்து வாக்குச் சொன்ன பிறகுதான் பேச்சு என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். பெண் வீட்டு வழக்கத்தைத் துருவிக் கேட்பது மரியாதை இல்லை என்று, சுகந்தியிடம் விசாரிக்கப் போன நிரோஷனைக் கேட் மாமாதான் தடுத்திருக்கிறார். ரம்புக்கனையிலிருந்து தெஹியோவிட்ட வரைக்கும் பஸ்ஸில் அந்த மெசேஜை நாலு தடவை வாசித்துக் காட்டினாராம்.

நான் திரையை விலக்கி வெளியே வந்து உண்மையைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் தமிழ் இல்லை. தாய்மாமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நிரோஷன் பின்கதவால் பாய்ந்து ஓடினான். தண்ணீர்ப் பைப்படியில் சுகந்தி அவனிடம் என்ன சொன்னாள் என்று இரண்டு பேரும் இன்றுவரை சொல்வதில்லை. திரும்பி வரும்போது அவனுடைய சட்டை நனைந்திருந்தது.

நிரோஷனின் அம்மா இதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அவர் கரவனெல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சின்ன வயதில் நாய் கடித்து வயிற்றைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். நாய் இருக்கிற வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவர் என்பதெல்லாம் நிரோஷன் மெல்லச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். குட்டி இருக்கிறது என்று நான் ஒழுங்காக எழுதியிருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார்.

நான் குட்டியைத் தூக்கப் போனேன். அவர் கையால் தடுத்தார்.

"இருக்கட்டும் தம்பி. மூச்சு விடுது. சூடா இருக்கு."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தன பேரு இருக்கயில எங்கிட்ட ஏன் வந்துச்சு?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருந்தது. அவர்தான் எல்லோரையும்விட அசையாமல் இருந்தார், கண்ணையும் மூடியிருந்தார், அதனால்தான் என்று வீடியோ ஆதாரத்தோடு விளக்கியிருக்கலாம். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டிங்கிரி ஒன்றரை மணி நேரம் தூங்கியது. அதை எழுப்ப மனமில்லாமல் அந்த அம்மாவும் அசையவில்லை. நாலு மணி பஸ் போனது. கால் மரத்துப்போனதாகச் சொன்னார். எங்கள் அம்மா கீழே உட்கார்ந்து அவருடைய மற்றக் காலைப் பிடித்துவிட்டார். ஒரே இடத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் வேறென்ன செய்வார்கள், பேசினார்கள். ஊசி போட்ட கதை, அம்மா முதன்முதலாகப் பால் வெட்டப் போய் மரத்தைக் காயப்படுத்தி ஏச்சு வாங்கிய கதை, பிள்ளை பெற்ற கதை. வெற்றிலைத் தட்டை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். புறப்படும்போது கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். சொந்தத்துப் பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையைப் பார்க்க நானும் அம்மாவும் செல்வி அக்காவும் பலகாரத்தோடு ரம்புக்கனைக்குப் போனோம். அம்மா வாசலிலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டிலை நோக்கி ஓடினார். நிரோஷனின் அம்மா குறுக்கே வந்து நின்றார். ஒருவரும் கையை நீட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது, போய்ச் சுவரைப் பார்த்து உட்காருங்கள் என்று கதிரைகளைக் காட்டினார்.

"தூக்குறது இல்லீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"அதுவா வரும்."

"பொறந்து பன்னெண்டு நாளுதாங்க ஆவுது."

"வரும்போது வரட்டுங்க" என்றார் சம்பந்தியம்மா, சிரிக்காமல்.

நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்தோம்.