சத்தம் மாற்றிய சருகுமான்

ஒரு காட்டில் ஒரு சருகுமான் ஜீப் ஓட்டிப் பிழைத்துவந்தாள். பெயர் அம்சவேணி. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். சீட்டில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்கு எதிரே பாதை தெரியும். ஆனால் அடிவாரத்திலிருந்து உப்புப்பாறைச் சந்தைக்கு ஏறும் மலைப்பாதையில் அவளைப் போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது. ஓடையில் இறக்கினாலும் பாறைமேல் ஏற்றினாலும், பயணி மடியில் வைத்திருக்கும் முட்டை உடையாது.

அவளுடைய ஜீப்புக்கு ஒரே ஒரு குறை. சத்தம் வராது. சருகுமான்கள் காய்ந்த இலைகூட நொறுங்காமல் நடந்து பழகியவர்கள். வண்டியையும் அவள் அப்படியே வைத்திருந்தாள். அது வந்து நிற்பதும் யாருக்கும் தெரியாது, கிளம்பிப் போவதும் தெரியாது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்குப் புழுதி மட்டும் கிடைக்கும். அவளுடைய ஜீப்பின் மீதே சாய்ந்து நின்றுகொண்டு, "இன்னிக்கு வண்டி வராது போலிருக்கு" என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அவள் வண்டி நிறுத்தும் அடிவாரத்து ஸ்டாண்டில் காட்டுப்பன்றி வீரபாகுவும் ஜீப் ஓட்டினார். ஸ்டாண்டுக்குத் தலைவரும் அவரேதான். அவர் வண்டியை முடுக்கினால் இரண்டு மலை தள்ளி இருப்பவர்கள் செருப்பைத் தேடுவார்கள்.

ஒரு நாள் அவர் அம்சவேணியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீ நல்லா ஓட்டுற. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உன் வண்டி காலியாப் போகுது, காலியா வருது. உன் இடத்தைக் கேட்டு நாலு பேர் நடையா நடக்கிறாங்க. வர்ற சந்தை நாளைக்கு உன் ஜீப்பு நெறஞ்சு போகணும். இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணிடு."

"இது நியாயமாண்ணே?"

"நியாயந்தான். நானே தனியா உக்காந்து பேசி முடிவெடுத்தேன்."

ஜீப்பை விட்டால் அம்சவேணிக்கு வேறு தொழில் தெரியாது. நேரே முள்ளம்பன்றி துரைக்கண்ணுவின் பட்டறைக்குப் போனாள். துரைக்கண்ணு கெட்டிக்கார மெக்கானிக். நட்டு, வாஷர், ஸ்பேனர் எல்லாம் அவன் முதுகு முள்ளிலேயே வரிசையாகத் தொங்கும்.

"துரைக்கண்ணு, சைலன்சர் மாத்தணும். ஊரே திரும்பிப் பாக்கணும்."

துரைக்கண்ணு மூன்று சைலன்சர்களை எடுத்துப் போட்டான். கைப்பேசியில் ஒவ்வொன்றின் சத்தத்தையும் ஓடவிட்டான். முதலாவது, சபையில் பேச எழுந்தவர் தொண்டையைச் செருமுவது போல இருந்தது. இரண்டாவது, விருந்து சாப்பிட்டவர் விட்ட ஏப்பம். மூன்றாவதைப் போட்டதும் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கு நகர்ந்து கீழே விழுந்தது.

"இதான்!" என்றாள் அம்சவேணி.

"அக்கா, சொன்னாக் கேளு. ரெண்டாவது நல்ல குழாய். கூரை வரைக்கும் நிமிந்து நிக்கும், ஓடையில இறங்கினாத் தண்ணி உள்ள போகாது. இந்த மூணாவதுக்குள்ள பஞ்சும் இல்ல, தடுப்பும் இல்ல. வாய் வேற இவ்வளவு அகலம். சமதளத்துல பறக்கும். ஏத்தத்துல மெதுவாப் போறப்ப இழுவை போயிடும். நெத்திமுட்டி மேட்டுல நட்ட கம்பம் மாதிரி நின்னுடும்."

"மேடு வரைக்கும் வர மொதல்ல ஆள் வேணுமே. யாருமே ஏறாத வண்டிக்கு இழுவை எதுக்கு?"

துரைக்கண்ணு யோசித்துப் பார்த்தான். ஸ்பேனரை எடுத்துவிட்டான்.

சைலன்சர் மாற்றினால் வண்டி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். அம்சவேணி போனபோது வரிசையில் ஓர் எறும்பு மட்டும் நின்றார். நல்லவேளை என்று அவர் பின்னால் நின்றாள். அப்புறம் வந்த எறும்புகளெல்லாம், "அவருகூட வந்தவங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு முன்னால் போய் நின்றார்கள். மத்தியானம் வரை வந்துகொண்டே இருந்தார்கள்.

அதிகாரி ஓர் உடும்பு. நாற்காலியை நான்கு காலாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒலி மாற்ற விண்ணப்பமா? பழைய ஒலியோட மாதிரி எங்கே?"

"பழசுல ஒலியே இல்லீங்க ஐயா."

"ஒலி இல்லேன்னா எப்படிம்மா அதை மாத்துவ? இது மாற்றம் இல்ல, புது ஒலி. அது பக்கத்து ஜன்னல்."

அவள் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். அதே உடும்பு நாற்காலியோடு நகர்ந்து அங்கே வந்தார்.

பிறகு வாசலுக்கு வந்து, அளக்கும் கருவியைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். எண்பதுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினாள். மரத்திலிருந்து பழுக்காத பலாக்காய் ஒன்று விழுந்தது. எறும்பு வரிசை முழுவதும் ஒரு தடவை படுத்து எழுந்தது. கருவி நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தாள். உடும்பு படிவத்தைப் புரட்டினார். எண் எழுத இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. முதல் கட்டத்தில் ஒன்று போட்டார். இரண்டாவதிலும் ஒன்று போட்டார். மிச்சத்துக்கு இடமில்லை.

"பதினொண்ணு. இன்னும் கொஞ்சம் கூட்டிக்கலாம்மா, விதியில இடமிருக்கு" என்று முத்திரை குத்தினார்.

சந்தை நாள் காலையில் அம்சவேணி ஜீப்பை முடுக்கினாள். காடு முழுக்கக் கதவுகள் திறந்தன. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வந்தார்கள். சந்தைக்குப் போக எண்ணமே இல்லாதவர்களும் வந்தார்கள். காட்டெருமை காளியப்பன் பின்சீட்டில் ஏறியதும் ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தது. கருமந்தி சரோஜா கூடையோடு கூரைமேல் உட்கார்ந்தாள். இடமில்லாதவர்கள் கம்பியில் தொங்கினார்கள். வீரபாகு தன் காலி ஜீப்பில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கூட்டத்தை அம்சவேணி தன் வண்டியில் பார்த்ததில்லை. தலையணைமேல் உட்கார்ந்திருந்தவளுக்கு இன்னும் ஒரு முழம் வளர்ந்துவிட்டது போலிருந்தது.

நெத்திமுட்டி மேட்டின் பாதியில் ஜீப் நின்றது.

ஆக்சிலரேட்டரை மிதித்தாள். சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. இன்னும் மிதித்தாள். குழாய் காட்டையே உலுக்கியது, சக்கரம் ஓர் அங்குலம்கூட உருளவில்லை. துரைக்கண்ணு சொன்னது அப்படியே நடந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. பின்னால் திரும்பிக் கத்தினாள்.

"வண்டியில இழுவை இல்ல! தப்பு என்னோடதுதான்! எல்லாரும் இறங்கிக்கங்க!"

அந்தச் சத்தத்தில் கடைசி வார்த்தை மட்டும்தான் பின்னால் கேட்டது.

"இறங்கச் சொல்லுது" என்றார் காளியப்பன். "சரிதானே. இவ்வளவு சத்தம் போடுற வண்டியே நிக்குதுன்னா நாமதான் கனம் ஜாஸ்தி. இறங்கித் தள்ளுங்கப்பா!"

எல்லாரும் வெட்கத்தோடு இறங்கினார்கள். காளியப்பன் கொம்பைக் கொடுத்தார். சரோஜா கூரையிலிருந்து குதித்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினாள்.

அந்த நேரம் வீரபாகுவின் ஜீப் பின்னால் வந்து நின்றது. "எதுக்கு இந்தக் கஷ்டம்? ஏறுங்க, ரெண்டே நிமிஷத்துல மேல விட்டுடறேன்."

சரோஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வண்டி வர்றதே காதுல விழலியேண்ணே. அது எப்படி இந்த மேட்டை ஏறும்?"

வீரபாகுவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. ஏறுமா? தினமும் ஏறிய மேடுதான். இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி வந்து தானும் மூக்கைக் கொடுத்துத் தள்ளினார்.

உப்புப்பாறை உச்சியில் அம்சவேணி இன்ஜினை அணைத்தாள். எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்கள். அவளுக்குத்தான் மனசு குத்தியது.

"மன்னிச்சுக்கங்க" என்றாள். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. "வண்டி ஏறலீங்க. நீங்கதான் அதைத் தூக்கிட்டு வந்தீங்க."



"அடக்கத்தைப் பாருங்கடா!" என்றார் காளியப்பன். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

வீரபாகு ஸ்டாண்டில் முதல் இடத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு பக்கத்தில் வந்து, "தங்கச்சி, இந்தக் குழாய் எங்க கிடைக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரு வாரம் கழித்து அம்சவேணி பட்டறைக்குப் போனாள். துரைக்கண்ணுவுக்கு விஷயம் தெரியும். ஒன்றும் குத்திக்காட்டாமல் பழைய சைலன்சரைத் துடைத்து எடுத்துவைத்தான்.

"மாட்டட்டுமாக்கா?"

அம்சவேணி அதைப் பார்த்தாள். நல்ல குழாய்தான். எத்தனையோ மேடு ஏற்றிய குழாய்.

"வேணாம் துரைக்கண்ணு. பின்பக்கம் நாலு கைப்பிடி வெச்சுக் குடு. தள்றவங்களுக்கு உள்ளங்கை வலிக்குதாம்."

நீதி: குழாயைச் சத்தத்துக்கு மட்டும் பார்த்து வாங்குங்கள். இழுவையை ஊர் பார்த்துக்கொள்ளும்.