நூற்றெண்பதாம் பக்கத்தில் என்னைச் சாகடித்தவனுக்கு

சேசு மரி சூசை துணை

ஏம்பலம்
30.12.2025

கதை எழுதிப் பேர் வாங்கிவிட்ட என் கொழுந்தன் மகன் பாக்யராஜுக்குப் பெரியம்மா அமுதம் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் உன் பெண்சாதியும் நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். குழந்தை இயேசு உனக்கு எல்லா வரமும் தரட்டும், புத்தியையும் சேர்த்து.

உன் கிறிஸ்துமஸ் நாவலை நானே படித்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எழுத்துக்கூட்டிப் பதினோரு நாளில் முடித்துவிட்டேன். ஓடி ஓடிச் சம்பாதிக்கிறவன் ஒருத்தன் ஊருக்குத் திரும்பி வாழ்க்கையில் எது முக்கியம் என்று கண்டுபிடிக்கிறான். நல்லது, கண்டுபிடிக்கட்டும். பங்குச் சாமியார் அதைப் பிரசங்கத்தில் புகழ்ந்து, நாற்பது பிரதி வாங்கி வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது ஊருக்குச் சனியன். தையல்கார ராஜேஷ் அதைப் படித்துவிட்டு, குடும்பம்தான் முக்கியம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, இருபதாம் தேதியே கடையைப் பூட்டிக்கொண்டு பெண்டாட்டி ஊரான காட்டேரிக்குப்பத்துக்குப் போய்விட்டான்; ஊர்ப் புதுத்துணி முழுக்க உள்ளே, என் ரவிக்கையும் உள்ளே, கிறிஸ்துமஸ் பூசைக்குப் பாதி ஊர் பழைய துணியில் வந்தது. பால்காரர் சிவப்பிரகாசம் இந்துதான், அவரையும் உன் புத்தகம் விடவில்லை. கதையில் வருகிறவன் செல்போனைக் கிணற்றில் போட்டானாம், இவர் அணைத்து பீரோவில் வைத்துவிட்டார், பால் வராத நாளில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? இதெல்லாம் போகட்டும். என் மருமகள் ஜெயசித்ரா கடைசிப் பக்கத்தை மூடி, மூக்கைச் சிந்தி, "அத்தே, வாங்க, நாமளும் மனசு வுட்டுப் பேசிடலாம்" என்றாள். ஏதோ நல்ல வார்த்தை வரப்போகிறது என்று உட்கார்ந்தேன். கல்யாணத்தன்று நான் போட்ட வளையலில் ஆரம்பித்து, வருஷவாரியாக முக்கால் மணி நேரம் சொன்னாள். அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இப்போது என் விஷயம். ரோசலி என்று பேரை மாற்றிவிட்டால் எனக்குத் தெரியாதா? இடது கன்னத்து மரு, ஆளைப் பார்த்ததும் குறை சொல்லும் வாய், எல்லாம் நான்தான். அந்த ரோசலி ஒரு தட்டு நிறைய அதிரசம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஓரகத்தியிடம் போய், அழுது, மன்னிப்புக் கேட்டு, நூற்றெண்பதாம் பக்கத்தில் செத்தும் போகிறாள். என்னைச் சாகடிக்க உனக்கு ஒன்றரைப் பக்கம் போதும். அந்த வீட்டு நாய்க்கு மூன்று பக்கம். சண்டை எதற்கு என்பதே "இருவருக்கும் மறந்துபோயிருந்தது" என்று வேறு எழுதியிருக்கிறாய். எனக்கு மறக்கவில்லை. 1992, கிறிஸ்துமஸ், வெள்ளிக்கிழமை காலை. உங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு அதிரசம் அனுப்பினேன். பலகாரம் போன தட்டு திரும்பும்போது அதில் ரெண்டு வாழைப்பழமாவது இருக்கும். ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். உன் அம்மா காசம்மாள் அதைக் கழுவித் துடைத்து வெறும் தட்டாக அனுப்பினாள். அன்றோடு பேச்சு நின்றது. முப்பத்து மூன்று வருஷம், நடுவில் ஒரு சுவர்.

இந்தக் கிறிஸ்துமஸ் காலையில், கதையில் வருகிற மாதிரி நான் தட்டோடு படி இறங்குவேன் என்று, பாட்டுக் குழு விஜயராணி டீச்சரோடு பதினான்கு பேர் என் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி கைக்குட்டையைக்கூடப் பிரித்து வைத்திருந்தாள். எப்போது போகப்போகிறீர்கள் ஆயா என்று டீச்சர் கேட்டாள். "இன்னா எப்ப? படமா ஓடுது இங்க? அவள மொதல்ல வரச் சொல்லு" என்று கதவைச் சாத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆகையால் ரெண்டாம் பதிப்பு போடும்போது, காசம்மாள்தான் முதலில் வருகிறாள் என்று மாற்று. வரும்போது தட்டு நிறைந்திருக்க வேண்டும். மாற்றும்வரை என் வாசற்படி மிதிக்காதே. நானும் உன் அம்மா வாசலை மிதிக்கப்போவதில்லை, மாதா மேல் ஆணை.

பிள்ளைகளுக்கு முத்தம். உன் பெண்சாதிக்கு ஆசீர். உனக்கு, மாற்றின பிறகு.

இப்படிக்கு,
புத்தகத்தில் செத்து, ஏம்பலத்தில் உயிரோடிருக்கும்
பெரியம்மா அமுதம்

பி.கு.: கவரை ஒட்டின பிறகுதான் உன் சென்னை விலாசம் என்னிடம் இல்லை என்று தெரிந்தது. புத்தகத்தில் பதிப்பகத்தின் விலாசம்தான் இருக்கிறது. அங்கே அனுப்பினால் எவனாவது பிரித்துப் படித்துச் சிரிப்பான். அதனால் உன் அம்மாவிடம் போனேன். விலாசம் வாங்கத்தான் போனேன், நன்றாக எழுதி வைத்துக்கொள், கையில் தட்டு இல்லை. அவள் கவரைப் பிரித்து, முழுக்க என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டாள். வெறும் தட்டு விஷயம் வந்ததும், ஆமாம் அனுப்பினேன் என்றாள், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிறகு, "நீ செத்துப்போற எடத்தப் படிச்சிட்டு ரெண்டு நாளா சோறு எறங்கலக்கா" என்றாள். அதனால் யார் முதலில் வந்தது என்பதையெல்லாம் மாற்ற வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். நூற்றெண்பதாம் பக்கத்தை மட்டும் எடுத்துவிடு, அவள் சொல்லச் சொன்னாள். போகும்போது டீ கொடுத்தாள், சர்க்கரை போடாமல். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.