மஞ்சள் துணியில் இறங்கிய ரத்தம்

செவ்வாய்க்கிழமை என்றால் திருச்செங்கோட்டுப் புறவழிச் சாலையில் பஸ் நகராது. போர்வெல் லாரிகளே ஒதுங்கி வழிவிட வேண்டிய அளவுக்குக் கூட்டம். எல்லாம் மலர்ச்சித்தரைப் பார்க்கத்தான். வயதுக்கு வராத பெண்களை வரவைப்பது அவர் தொழில். உலகத்தில் எவ்வளவோ வேலை கிடக்க, ஆண்டவன் அருளுக்கு இந்த வேலைதான் கிடைத்திருக்கிறது.

வைத்தியம் எளிது. மந்திரித்த மஞ்சள் துணி ஒன்றைக் கொடுப்பார். பெண் அதை ஒரு வாரம் இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். அடுத்த செவ்வாய் அதை மேடையில் விரித்து, செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். துணி அங்கங்கே சிவக்கும். குலவை கிளம்பும். பிறகு, அடைத்த வழியைத் திறப்பதற்காகத் தணலில் காய்ச்சிய விரலி மஞ்சளால் அடிவயிற்றில் சூடு. சித்தருக்குப் புகழ், பெண்ணுக்குக் கொப்புளம்.

வசந்தாமணி தன் மகள் மதுமதியை இழுத்து வந்தது அந்தச் சூட்டுக்குத்தான். மதுமதிக்குப் பத்தொன்பது வயது, இன்ஜினியரிங் படிக்கிறாள், இன்னும் வயதுக்கு வரவில்லை. சேலத்து மருத்துவர் ஸ்கேன் எடுத்து, ரத்தம் சோதித்து, பொறுமையாகக் காரணம் சொல்லியிருந்தார். மகள் கேட்டாள். போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கும் அப்பா தங்கசாமியும் கேட்டார். வசந்தாமணி மட்டும் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். தாய்மாமன் சீர் செய்யாத பெண்ணை எவன் கட்டுவான் என்பதுதான் அவள் கவலை.

"போன வாரம் கட்டுன துணியக் குடு சாமி," என்றாள் மகளிடம். "இன்னைக்குச் சூடு வெச்சுட்டா எல்லாஞ் செரியாப் போயிரும்."

மதுமதி கொடுத்தாள். சித்தர் விரித்தார், கண்ணை மூடினார், தெளித்தார். துணி சிவந்தது.

"ரத்தம் எறங்கிருச்சு. இத்தன வருசமா அடைச்சுக் கெடந்த ரத்தம்."

குலவை காதைப் பிளந்தது. வசந்தாமணி கும்பிட்டபடி அழுதாள். சீடர் ஒருவர் தணலை ஊதினார்.

"ஒரு நிமிசமுங்க சாமி," என்றாள் மதுமதி. "அந்தத் துணி என்ற இடுப்புல இல்லைங்க. எங்கப்பா இடுப்புல இருந்துச்சு."

கூட்டத்திலிருந்து தங்கசாமி பெரிய மீசையோடு முன்னால் வந்தார். "ஆமாங்க. ஒரு வாரமா நாந்தான் கட்டியிருந்தேன். எனக்கு எப்பச் சீர் வெக்கலாமுங்க?"

யாரோ சிரித்தார்கள். சித்தர் அசரவில்லை. "அப்பன் ரத்தமும் மக ரத்தமும் ஒண்ணுதான். துணி அதத்தான் காட்டுது."

"செரிங்க." மதுமதி அடுக்கியிருந்த புதுத் துணிகளில் ஒன்றை எடுத்தாள். "இத ஆருமே கட்டலைங்க. தெளிங்க."

"அதுக்கெல்லாம் நேரங்காலம் இருக்குது."

அவளே செம்பைப் பிடுங்கி ஊற்றினாள். துணி முழுக்கச் சிவந்தது. "துணியில மஞ்சத்தூளு, செம்புல தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி. நாம ஆரத்திக்குக் கரைக்கறதுதானுங்க."

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே நின்ற பெண்களில் ஆரத்தி கரைக்காதவர் ஒருவர் இல்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து, நன்றாகச் சிவந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தட்டையே தூக்குகிறார்கள். தான் செய்தால் ஆரத்தி, காவி கட்டியவன் செய்தால் அற்புதம். ஏற்கெனவே சூடு வாங்கியிருந்த உண்ணாமலை என்ற பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்தர் பின்பக்கமாக நழுவினார். தங்கசாமியின் ரிக் ஆட்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். சித்தர் உண்மையில் ஜலகண்டாபுரம் சாயப்பட்டறையில் வேலை பார்த்த குருமூர்த்தி என்பது போலீஸ் வந்த பிறகு தெரிந்தது.

"அப்ப என்ற மகளுக்கு எப்பத்தான் வரும்?" என்று வசந்தாமணி பொதுவாகக் கேட்டாள்.

"வராதுங்கம்மா," என்றாள் மதுமதி. "எனக்குக் கருப்பை இல்ல. பொறந்ததுல இருந்தே இல்ல. என்ற உடம்புல இருக்கறது ஆம்பளைங்களுக்கு இருக்கற குரோமோசோம். ஆனா ஆண் ஹார்மோன என்ற உடம்பு ஏத்துக்கறதில்ல. அதனால பொண்ணா வளந்தேன். எங்கள மாதிரி ஆளுங்கள இடைப்பாலினம்னு சொல்லுவாங்க. இது தோசமும் இல்ல, சூடு வெச்சா மாறறதும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கறேன்."

கூட்டத்தில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "அப்ப இது ஆணா, பொண்ணா?"

"'இது' இல்லைங்க," என்றாள் அவள். "பேரு மதுமதி."

வசந்தாமணி செம்பில் மிச்சமிருந்த தீர்த்தத்தைத் தணலில் கொட்டினாள். புகை எழுந்தது. "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்," என்று மகள் கையைப் பிடித்தாள்.

கூட்டம் கலைந்தது. குருமூர்த்தி உள்ளே போனார், நாளைக்கே இன்னொருவர் செம்போடு வருவார். மகளின் உடம்பைப் பற்றி மருத்துவரிடம் பேச நமக்கு வெட்கம். அதே மகளின் அடிவயிற்றை மேடையில் ஒரு சாயப்பட்டறைக்காரனுக்குத் திறந்து காட்ட வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் எது என்றாவது யோசியுங்கள், அய்யா.