மாப்பிள்ளையின் எஸ்.எம்.எஸ்., மகளின் வாட்ஸ்அப்

திருவானைக்காவல்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி செபஸ்தியான் அவர்களுக்கு அற்புதசாமி தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் நலம். திண்டுக்கல்லில் தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதியது மரியாதைக்காக. போனில் சொல்லியிருப்பேன், தங்கள் போனை எப்போதும் சம்பந்தியம்மாள்தான் எடுக்கிறார்கள், இது அவர்கள் காதுக்குப் போகிற விஷயம் இல்லை.

ஜென்சி நேற்று ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து லேப்டாப் பையோடு இங்கே வந்துவிட்டாள். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. பின்னாலேயே மாப்பிள்ளை பிரவீன்ராஜும் தம் லேப்டாப்போடு வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார், ஏனென்றால் புரோகிராமில் பாதி அவளிடம் இருக்கிறது. காந்தி மார்க்கெட் வாழைத்தார் வியாபாரி வீரமலைக்கு இருவரும் சேர்ந்து ஜாவாவில் ஒரு வெப்சைட் செய்வது தங்களுக்குத் தெரியும். விலை படிந்ததும் முசிறி விவசாயிகளுக்குச் செய்தி போக வேண்டும். அந்தச் செய்தி அனுப்பும் பகுதியை மாப்பிள்ளை எஸ்.எம்.எஸ்.ஸுக்கு எழுதினார். ஜென்சி அவரிடம் சொல்லாமல் வாட்ஸ்அப்புக்கு இன்னொன்று எழுதினாள். இந்த ஜாவாவில் எந்தப் பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே போய் எடுத்துக்கொள்ளாதாம். பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி வேண்டும் என்று சொன்னால் போதும், ஸ்பிரிங் என்று ஒன்று கொண்டுவந்து கொடுக்குமாம். அது இப்போது, 'ஒன்று கேட்டீர்கள், இங்கே இரண்டு இருக்கிறது, எதைக் கொடுப்பது?' என்று சொல்லிவிட்டு வெப்சைட்டையே கிளப்ப மாட்டேன் என்கிறது.

தீர்வு ஒரே வரியாம். இரண்டில் ஒன்றின் தலையில் 'பிரைமரி' என்று எழுதிவிட்டால் ஸ்பிரிங் அதையே எடுத்துக்கொள்ளும். யார் தலையில் எழுதுவது என்பதில்தான் என் நிம்மதி போயிற்று. "நான்தான் மாமா முதல்ல எழுதினேன்" என்கிறார் மாப்பிள்ளை. "எஸ்.எம்.எஸ். யாருப்பா பாக்குறாங்க இப்ப?" என்கிறாள் இவள். பிரைமரி வேண்டாம், எது வேண்டுமோ அதன் பேரைச் சொல்லியே கேட்கலாம் என்று இன்னொரு வழியும் இருக்கிறதாம். அப்பாடா என்று எழுந்தேன். யார் பேரைச் சொல்வது என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் அது, ஒரு நாள் இது என்று வைத்துக்கொள்ளலாமே என்றேன். இருவரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

மத்தியானம் என் மனைவி ரோசரி வழக்கம்போல மாப்பிள்ளைக்கு முதலில் மீன் வைத்தாள். "இங்கயும் அவர்தான் பிரைமரியாம்மா?" என்று ஜென்சி தட்டோடு எழுந்துவிட்டாள். பயந்துபோய் நான் அவசரமாக அவள் தட்டில் ஒரு துண்டு வைத்தேன். "எனக்குப் பசியில்ல மாமா" என்று மாப்பிள்ளை எழுந்துவிட்டார். காலையில் பூசையில் எல்லோரும் திரும்பி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது ஜென்சி முன் வரிசைக்குச் சொன்னாள், பின் வரிசைக்குச் சொன்னாள், மாப்பிள்ளை நின்ற பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. கோயிலே பார்த்தது. இதற்கு நடுவில் வீரமலை. இருவரும் போனை எடுக்காததால் என்னைக் கூப்பிடுகிறார். "அய்யா, நாளைக்கு வெள்ளோட்டம்னு முசிறி பூரா சொல்லிட்டேங்க. தார் வெட்ட ஆளு விட்டாச்சு. எதுலயாச்சும் ஒண்ணுல சேதி அனுப்பச் சொல்லுங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தி. வேலை போனால் இன்னொன்று வரும். பெண் பையோடு வந்தது பழகிவிடக் கூடாது. ஆகவே தாங்கள் உடனே பஸ் ஏறி வந்து மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் மீது தவறு என்று நான் சொல்லமாட்டேன்; பெண்ணைக் கொடுத்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. தவறு யார் மீது என்று தாங்களே வந்து பார்த்துச் சொல்லுங்கள். ஜென்சி மீது இல்லை.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
ம. அற்புதசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஹாலில் மறுபடி சத்தம். போய்ப் பார்த்தேன். இவள்தான் ஜெயிக்கட்டுமே என்று மாப்பிள்ளை யாருக்கும் தெரியாமல் தம் எஸ்.எம்.எஸ். பகுதியை அழித்திருக்கிறார். அவர் மனசு கஷ்டப்பட வேண்டாம் என்று அடுக்களையில் உட்கார்ந்து இவள் தன் வாட்ஸ்அப்பை அழித்திருக்கிறாள். இரண்டு பேர் வேலையையும் ஒன்றாகச் சேர்த்ததும், 'ஒன்று கேட்டீர்கள், ஒன்றுமே இல்லையே' என்கிறதாம் ஸ்பிரிங். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு நிமிடம் போதுமாம். அந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல், "உன்னோடதே இருக்கட்டும்", "இல்லங்க, உங்களோடதுதான் இருக்கணும்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள். வீரமலை மறுபடி கூப்பிடுகிறார். கூப்பிடட்டும். இந்தச் சண்டைக்குத் தாங்கள் வர வேண்டாம்.