எல்லாமே பாஸ், கிரைண்டர்தான் இல்லை

முதல் தடவையே எல்லாம் சரியாக வந்துவிட்டால் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும். இந்த ஞானம் எனக்கு ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜியோடு வந்தது.

மேடவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனி. லிஸ்ப் என்ற கணினி மொழியில் வேலை. பட்டியலை எண்ண, திருப்ப, தேட என்று சில ஃபங்ஷன்கள். பட்டியலுக்குப் பதில் வெறும் எண்ணைக் கொடுத்தால் அவை 'டைப் எரர்' என்று கத்த வேண்டும். (கிரைண்டரில் செங்கல்லைப் போட்டால், "யோவ், இது அரிசி இல்ல" என்று அது சொல்கிற மாதிரி.) ஒழுங்காகக் கத்துகிறதா என்று சோதித்துக் காட்டினால்தான் என் வேலை நிரந்தரம்.

வெறும் எண்ணைக் கொடுத்து, எந்த எரர் வந்தாலும் பாஸ் என்று டெஸ்ட் எழுதி ஓட்டினேன். திரை முழுக்கப் பச்சை! (அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? நமக்கு எங்கே வரும்!) கீழே ஓடிப்போய் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தேன். மேனேஜர் பாஸ்கர் சார் கையில் ஒன்றைத் திணித்து, "நம்ம ஃபங்ஷனை எவனும் ஏமாத்த முடியாது சார்" என்றேன்.

பக்கத்து சீட் ஸ்டெல்லா பஜ்ஜியைத் தொடவில்லை. "இப்ப ஒரு நல்ல லிஸ்ட் கொடுத்துப் பாருங்க" என்றாள்.

"நல்லதுக்கு எதுக்குங்க டெஸ்ட்?"

"சும்மா கொடுங்களேன்."

கொடுத்தேன். எரர். இன்னொன்று கொடுத்தேன். அதற்கும் எரர். சார் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன எரர்னு படிச்சீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

படித்தேன். அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்றது. அந்த ஃபைலை நான் லோடு பண்ணவே இல்லை! செங்கல்லைக் கிரைண்டர் மறுக்கவில்லை ஐயா, வீட்டில் கிரைண்டரே இல்லை.

"தம்பி, நீ வேற வேலை பாத்துக்கறியா?" என்றார் சார்.

"டைப் எரர் வந்தா மட்டும் பாஸ்னு மாத்தி, ஃபைலை லோடு பண்ணி ஓட்டட்டும் சார். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவார்" என்றாள் அவள்.

அப்படியே செய்தேன். எண்ணுகிற ஃபங்ஷன் மாட்டிக்கொண்டது. செங்கல்லைப் போட்டால் சத்தமே காட்டாமல் 'பூஜ்யம்' என்றது! அதைப் பிடித்ததால் என் வேலை தப்பியது. என்ன மூளை அந்தப் பெண்ணுக்கு! கையெடுத்துக் கும்பிட்டேன். பிற்பாடு கல்யாணமும் பண்ணிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவும் எங்கள் மகளும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். வந்ததும், "சோறு ரெடி! விசில்லாம் கரெக்டா வந்துச்சு" என்று பீற்றிக்கொண்டேன். மகள் குக்கரைத் திறந்தாள். உள்ளே வெறும் வெந்நீர்.

"அப்பா, அரிசி லோடு பண்ணலியா?"

"விசில் வந்துச்சுல்ல, பாஸ்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா பரோட்டாவுக்குப் போன் போட்டாள்.