சங்கம் வீட்டுக்கு வந்த ஞாயிறு

சேவைச் சங்கத்தில் சேர்ந்தே தீருவது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தது ஊருக்கு உழைக்க அல்ல. ஒட்டடைக் கம்பிலிருந்து தப்பிக்க.

ஞாயிறு விடிந்தால் போதும், வீட்டம்மாள் அந்தக் கம்பை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே வந்து நிற்பாள். இவரோ வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணைப் பார்த்துப் பார்த்துக் களைத்த மனிதர். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். சங்கக் கூட்டம் நடப்பதோ ஞாயிறு காலையில். பளபளவென்று ஒரு பேட்ஜ் வேறு தருவார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, "பொதுச்சேவை கூப்பிடுது" என்று வாசலைத் தாண்டினால் எந்தப் பெண்டாட்டி குறுக்கே விழ முடியும்?

நேர்காணலுக்குப் போனார். சங்கத் தலைவர் தொழிலில் பல் டாக்டர். அவர் எதிரே உட்கார்ந்தால் யாருக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"இதுவரைக்கும் என்ன சேவை செஞ்சிருக்கீங்க?"

கண்ணாடிக்காரருக்கும் வாய் திறந்தது. மூடத்தான் இல்லை.

"என் வாழ்க்கையே சேவைதான் சார். வீட்ல அவளுக்கு முதுகு வலி. வருஷக்கணக்கா படுத்த படுக்கை. கூட்டறது, துடைக்கறது, துவைக்கறது, சமைக்கறது எல்லாம் நான்தான். ஒட்டடைகூட நான்தான் சார் அடிக்கறேன்!"

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த செயலாளர், அச்சகம் நடத்தும் அம்மாள், மூக்கையே சிந்திவிட்டார்.

"உங்கள மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். வர்ற ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றோம். வீட்ல இருக்கறவங்ககிட்ட தனியா பேசிட்டு, அங்கயே பேட்ஜ் குத்திருவோம். அது எங்க சங்கத்து வழக்கம்."



வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்காரர் சமையலறை வாசலில் நின்று குழைந்தார்.

"ஏம்மா..."

"என்ன, குரல்ல தேன் வழியுது? எதை உடைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் நீ படுத்திருக்கணும்."

"நானா? ஞாயித்துக்கிழமையா?"

"முதுகு வலின்னு."

வீட்டம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்த சத்தத்திலேயே பாதி உண்மை வெளியே வந்துவிட்டது. மீதியை அவள் கறந்துகொண்டாள்.

"ஓஹோ. நான் படுத்திருக்கணும், நீங்க எல்லா வேலையும் செய்யணும்."

"செய்யற மாதிரி..."

"சரி. படுத்துக்கறேன்."

மழை பெய்கிறது என்று இவர் சொன்னால்கூட ஜன்னலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு நம்புகிறவள் அவள். ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டது அவருக்குக் கிலியாக இருந்தது.

ஞாயிறு வந்தது. சங்கமும் வந்தது. வீட்டம்மாள் தலையணைகளில் சாய்ந்து முனகினாள். அசல் நோயாளிகள் வந்து கற்றுக்கொண்டு போக வேண்டிய முனகல்.

"ஏங்க, வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடுங்க."

"நீங்க போங்க சார்," என்றார் பல் டாக்டர். "நாங்க அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்கோம்."

கதவு சாத்தப்பட்டது.

சமையலறையில் எல்லா டப்பாவும் ஒரே முகமாக நின்றன. ஒன்றைத் திறந்தார், கடுகு. இன்னொன்று, சோப்புத்தூள். கை டப்பாவில், காது சுவரில். உள்ளே கிசுகிசுப்பு. அப்புறம் அமைதி. அந்த அமைதிதான் ஆளைக் கொன்றது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் மாற்றிச் சொன்னால் போதும், பேட்ஜ் போய்விடும். மானம் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும். நாளைக்குக் கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி போடாமலே அவரை அடையாளம் கண்டு சிரிப்பார்கள்.

"அடப் பாவமே!" இது அச்சகத்தம்மாள்.

யாருக்குப் பாவம்? கண்ணாடிக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பின்னால் அடுப்பில் வைத்த பால் புஸ்ஸென்று எழுந்தது.

"ஏங்க, பால் பொங்குது!" உள்ளேயிருந்து வீட்டம்மாள் குரல். "சர்க்கரை நீங்க எப்பவும் வைக்கிற இடத்துலதான். மேல்தட்டு, நீல டப்பா!"

அவருக்குக் கண் கலங்கியது. பெண்டாட்டி என்றால் இவளல்லவோ பெண்டாட்டி!

டீயோடு உள்ளே போனார். பல் டாக்டர் எழுந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

தட்டில் டம்ளர்கள் பல்லைக் கடித்தன. "எ... எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அந்த ஒட்டடை விஷயம் உள்பட."

பல் டாக்டர் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது பேட்ஜ். நெஞ்சில் குத்தினார். கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்து உட்காருவதற்குள் பல் டாக்டர் தொடர்ந்தார்.

"அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. நீங்க ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வந்துட்டா வீட்டை யாரு பாக்கறது? நியாயம்தானே? அதனால கூட்டத்துலேர்ந்து உங்களுக்கு நிரந்தர விலக்கு. உங்க சேவை இந்த வீட்டுக்குள்ளயேதான்."

"ஐயையோ, பரவாயில்ல சார்! நான் எப்படியாவது சமாளிச்சு..."

"பாத்தீங்களா?" கட்டிலிலிருந்து முனகல். "தன்னைப் பத்தி நெனைக்கவே மாட்டாரு."

"வாராவாரம் நான் வருவேன் சார்," என்றார் அச்சகத்தம்மாள். "நீங்க வேலை செய்யறத போட்டோ எடுத்து சங்கத்துப் பலகையில ஒட்டணும். ஊருக்கே அது பாடம். அப்படியே அம்மாவை கார்ல கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நாலு பேரோட பேசினா வலி குறையும்."

"இப்பவே கொறைஞ்ச மாதிரிதான் இருக்கு," என்று வீட்டம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டாள்.

சில ஞாயிறுகள் போயின. அவளுடைய முதுகு வலி நல்ல பழக்கம் உள்ள வலி. கூட்டம் நடக்கும் நேரத்தில் மட்டும் தலைகாட்டாது. இவர் முக்காலி மேல் பேட்ஜும் ஒட்டடைக் கம்புமாக நிற்பார். அச்சகத்தம்மாள் படம் பிடிப்பார். அந்த அம்மாளுக்கு என்றைக்காவது சளி பிடிக்காதா, ஒரு ஞாயிறாவது படுத்துத் தூங்க மாட்டோமா என்று கண்ணாடிக்காரர் ஏங்கிப்போனார்.

அவர் ஏக்கம் பலித்தது. ஒரு ஞாயிறு காலை கார் வந்து ஒலி எழுப்பியது. அச்சகத்தம்மாள் இறங்கவே இல்லை. கண்ணாடிக்காரர் மெல்ல முக்காலியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

வீட்டம்மாள் வாசலிலிருந்து திரும்பினாள். அவள் தோளில் இவருடையதைவிடப் பெரிய பேட்ஜ். கையில் கேமரா.

"காலை மேல வைங்க. இந்த வாரத்துலேர்ந்து படம் எடுக்கற பொறுப்ப சங்கம் எங்கிட்ட குடுத்திருச்சு."