நாலு கீறல்

மரியசூசை சாரின் ரயில் என்ஜினை யாரோ திறந்திருக்கிறார்கள்.

சாட்சி கையிலேயே இருந்தது. ஒரு சாண் நீளமுள்ள அந்த நீல என்ஜினைக் கவிழ்த்துப் பிடித்தால், மேல்மூடியின் விளிம்பில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என நான்கு மெல்லிய கீறல்கள். ஆவூர்ப் பள்ளியில் இருபது வருடமாகக் காப்பியடிக்கிறவர்களைப் பிடித்த கணக்கு வாத்தியாரின் கண்ணுக்கு அது தப்புமா?

மச்சினன் மெல்வின் குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது. பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் சாருக்குக் கோபம் வரும். ஹாலில் போட்ட தண்டவாளத்தில் இரண்டு வருடமாக ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. "ஒருத்தர் கை பட விடல, அதான் ஓடுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை மெல்வின் லீவில் வருகிறான். அதற்குள் தூசி துடைத்து வைக்கலாம் என்று முதல் தடவையாகக் கவிழ்த்தபோதுதான் கீறல்களைக் கண்டார்.

"ஜெயராணி, இங்கிட்டு வா. நான் இல்லாதப்ப வீட்டுக்கு யாரு வந்தா?"

மனைவி எட்டிப் பார்த்தாள். "கீறல்தானே? ஓடுதுல்ல, விடுங்க."

"உள்ள இருக்கற மோட்டார எடுத்துட்டு டூப்ளிகேட்ட வச்சிருந்தா?"

சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டுத் திருப்பதியிடம் போய் நின்றது. பம்புசெட் மெக்கானிக். ஊரில் ஓடுகிற மோட்டார் அத்தனையையும் திறந்து பார்த்தவன். இதை மட்டும் விட்டு வைத்திருப்பானா?

"திருப்பதி, எங்க வீட்டு என்ஜினப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் சார். அம்சமா இருக்கும்."

"வெளியவா, உள்ளயா?"

"வெளியதான். ஏன் சார்?"

ஏன் என்று கேட்டானே, அது போதாதா?

கைரேகை பிடிப்பதற்காக மூடியின் விளிம்பெல்லாம் முகப்பவுடரை அப்பி வைத்தார். மறுநாள் ரேகை ஒன்றும் விழவில்லை. ஆனால் ஓட விட்டதும் என்ஜின் கரகரவென்று இருமியது. பவுடர் உள்ளே இறங்கியிருக்கும் என்று சாருக்குத் தோன்றவில்லை. திருடன் மறுபடியும் வந்து போயிருக்கிறான் என்றுதான் தோன்றியது.

"நான் வேணா என்னன்னு பாக்கவா?" என்றாள் ஜெயராணி.

"நீ தொடாத! இருக்கற தடயமும் அழிஞ்சிரும்."

இனி ஒருவனும் திறக்கக் கூடாதென்று விளிம்பைச் சுற்றிலும் பசையை விட்டார். நன்றாகவே ஒட்டியது. மூடியோடு இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன.

சனிக்கிழமை காலையில் மெல்வின் போன் செய்தான். "என்ஜின் எப்புடி மச்சான் ஓடுது?"

"ஓடுது... கொஞ்சம் நின்னு நின்னு."

"அட, மேல்மூடியக் கழட்டி ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. டப்பாக்குள்ள இருக்கற பேப்பர்ல போட்டிருக்கும்."

போட்டிருந்தது. மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே நான்கு இடங்களில் பல்குச்சியைச் செருகி, அகட்டி, மேலே தூக்க வேண்டுமாம். பல்குச்சிகள் பசையில் முறிந்தன. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். மூடி டப்பென்று விரிசல் விட்டதே தவிர கழன்று வரவில்லை.

வேறு வழியில்லாமல் திருப்பதியையே கூப்பிட வேண்டியதாயிற்று.

அவன் பிளேடால் பசையை அறுத்து, மூடியை இரண்டு துண்டாக எடுத்து மேஜைமேல் வைத்தான். சார் கண்ணிமைக்காமல் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றும் களவு போயிருக்கவில்லை.

"எல்லாம் ஒரிஜினல் சார். இந்தப் பவுடரத் தொடச்சிட்டா பல்சக்கரம் தங்கமா இருக்கு. யாரோ விடாம எண்ணெய் விட்டு வந்திருக்காங்க."

"யாரோன்னா? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு திருப்பதி, நீதான?"

திருப்பதி முகம் கறுத்து எழுந்தான். "ஏன் சார், மொறையா கேட்டா கழட்டிக் காட்டவா மாட்டேன்? திருட்டுத்தனமா எதுக்கு சார் வரணும்?" ஜெயராணி எதையோ சொல்ல வாயெடுத்து, சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜெயராணியிடம் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்கிப் போக எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் அப்போதுதான் உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, என்ன சார் இப்புடி ஒடைச்சு வச்சிருக்கீங்க? அக்கா மாசாமாசம் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுறப்ப, நாலு கொண்டை ஊசியச் சொருகி இத அலுங்காமக் கழட்டி, இதுக்கும் ரெண்டு சொட்டு விட்டு மாட்டிருவாங்களே!"